மாமனார் கட்டிய நீச்சல்குளத்தை மூன்று லட்சத்தில் மீட்ட கணக்கு

வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் இருக்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். எங்கள் குளத்தை 1997-இல் கட்டியவர் என் மாமனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே, மணல் பூமி. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் ஒரு மீட்டர், மறுமுனையில் 1.6 மீட்டர். அவர் காலமான பிறகு ஆறு ஆண்டுகள் யாரும் அதில் இறங்கவில்லை. 2023 பிப்ரவரியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, முதல் வேலையாகப் பின்பக்கம் போய் நின்றேன். தவளைகள் என்னைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குதித்தன. தண்ணீர் கீரைக் கடைசல் நிறத்தில் இருந்தது.

குளம் கட்டும் நிறுவனம் ஒன்றிலிருந்து இருவர் வந்தார்கள். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகச் செய்ய 11 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டேன். உடைத்தால்தான் தெரியும் என்றார்கள். முப்பது ஆண்டுகள் கடன் மனுக்களைப் படித்தவள் நான். காரணம் தெரியாமல் தொகை மட்டும் தெரிகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் இல்லை. நானே செய்யத் தொடங்கினேன். ஜூன் இறுதியில் முடிந்தபோது நோட்டுப் புத்தகத்தில் 3,02,000 ரூபாய் நின்றது. அந்த வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் பணம் மிச்சமானது வரிசையால்தான்.

முதலில் காலி செய்யாதீர்கள்

பழைய குளத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது தண்ணீரை இறைத்துக் கொட்டுவது. கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் இருப்பவர்கள் தயவுசெய்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள். குளம் என்பது நிலத்துக்குள் புதைத்த ஒரு சிமெண்ட் தொட்டி. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை தொட்டியைக் கீழே அழுத்திப் பிடித்திருக்கும். காலி செய்யும்போது வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருந்தால் அது தொட்டியை அடியிலிருந்து தூக்கும். குளத்தின் அடித்தளத்துக்கு மேல் வெளியே நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நிலத்தடி நீருக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் தள்ளுவிசை. என் குளத்தின் தரை 32 சதுர மீட்டர், ஆகவே 32 டன். படகு மிதக்கிற அதே கணக்குதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சேறு அள்ளுவதற்காக எங்கள் தெருவில் ஒரு வீட்டார் குளத்தை முழுக்க இறைத்தார்கள். மறுநாள் காலையில் ஒரு மூலை ஒரு சாண் மேலே வந்து நின்றது. அதை யாராலும் திரும்ப உட்கார வைக்க முடியவில்லை. இப்போது அங்கே மண் கொட்டி வாழை வைத்திருக்கிறார்கள்.

எனவே முதல் கருவி ஒரு கயிறு. எங்கள் கிணற்றில் நுனியில் கல் கட்டிய கயிற்றை விட்டு வாரம் ஒரு முறை அளந்தேன். குளத்தின் ஆழமான முனையில் தளத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து ஆறரை அடி. கிணற்று நீர் பிப்ரவரியில் எட்டு அடியில் இருந்தது. ஒன்றரை அடி இடைவெளியை நம்பி இறங்க எனக்கு மனமில்லை. மே மாதம் 14 அடிக்கு இறங்கியது. மே மாதத்தில்தான் காலி செய்தேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பது இதில் பேரம் பேச முடியாத ஒரே நிபந்தனை. கிணறு இல்லாதவர்கள் குளத்தின் ஓரத்தில் ஏழெட்டு அடிக்கு ஒரு துளை போட்டு, ஓட்டைகள் இட்ட பிவிசி குழாயைச் செருகி அதில் அளக்கலாம்.

கொத்தனாருக்கு முன்னால் பம்பு

மே வரை சும்மா இருந்தேனா என்றால் இல்லை. தண்ணீர் தெளிந்தால்தான் குளத்தில் என்ன குறை என்று கண்ணுக்குத் தெரியும். தெளிய வேண்டுமானால் பம்பு ஓட வேண்டும். பழைய பம்பு 2 எச்.பி., சுருள் எரிந்து போயிருந்தது. கடைக்காரர் அதே அளவைத்தான் எடுத்து வைத்தார். அங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்.

கணக்கு எளிது. சராசரி ஆழம் 1.3 மீட்டர் என்று வைத்தால் 8 × 4 × 1.3, ஏறத்தாழ 42,000 லிட்டர். இந்த நீர் முழுவதும் ஆறு மணி நேரத்தில் ஒரு முறை ஃபில்டர் வழியாகச் சுற்றினால் போதும். அதாவது மணிக்கு 7,000 லிட்டர். என் மணல் ஃபில்டர் 24 அங்குல விட்டமுள்ளது. அதன் மணல் பரப்பு மணிக்கு எட்டு, ஒன்பது கன மீட்டரை, அதாவது எட்டாயிரம், ஒன்பதாயிரம் லிட்டரை, நிதானமாக வடிகட்டும். 2 எச்.பி. பம்பு அதில் இருபது கன மீட்டரைத் திணிக்கும். அழுக்கு மணலில் தங்காமல் மறுபக்கம் வந்து குளத்திலேயே விழும். மாமனார் காலத்தில் எப்போதும் நீர் சற்றே கலங்கி இருந்ததற்கு இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது. பாவம், அவர் மருந்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

0.75 எச்.பி. பம்பு வாங்கினேன், 32,000 ரூபாய். பழையது எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 15 யூனிட் தின்றிருக்கும். புதியது ஆறு மணி நேரத்துக்கு நாலரை யூனிட். இரண்டு மாதத்துக்கு அறுநூறு யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். நம் மின்கட்டணம் அடுக்கு முறையில் ஏறுவது. மேல் அடுக்கில் குறையும் யூனிட்தான் விலை அதிகமான யூனிட்.

ஃபில்டர் தொட்டியை மாற்றவில்லை. ஃபைபர் தொட்டி, விரிசல் இல்லை. உள்ளே அடியில் விரல்கள் மாதிரி விரிந்திருக்கும் குழாய்களில் மூன்று உடைந்திருந்தன. அதனால்தான் குளத்தின் தரையில் மணல் கிடந்தது. அந்தக் குழாய்கள், நீர் போகும் வழியை மாற்றும் ஆறுவழி வால்வுக்குப் புதிய ரப்பர் வளையம், ஆறு மூட்டை சிலிக்கா மணல் எல்லாம் சேர்த்து 14,000. மணல் போடும்போது இரண்டு விஷயம். தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் விழுகிற மணலே புதுக் குழாய்களை உடைக்கும். நடுவில் நிற்கும் குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். ஒரு கைப்பிடி மணல் உள்ளே போனால் அத்தனையும் குளத்துக்கு வரும். மணல் போட்டதும் முதலில் பின்னோட்டம் விட்டு, அதாவது தண்ணீரை மணல் வழியாகத் தலைகீழாகச் செலுத்தி, கழுவ வேண்டும். அதன் பிறகு மீட்டர் காட்டும் அழுத்தத்தைத் தொட்டியின் மேல் பெயிண்டால் எழுதி வையுங்கள். அதைவிட அரை பார் ஏறினால் மறுபடியும் கழுவும் நேரம். தினமும் கழுவுகிறவர்கள் தண்ணீரை வீணடிக்கிறார்கள். சற்று அழுக்குப் படிந்த மணல்தான் நன்றாக வடிகட்டும்.

பிறகு மருந்து. இலைகளையும் சேற்றையும் வலையால் எடுத்துவிட்டு, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட்டை மாலையில் போட்டேன். வெயிலில் போட்டால் பாதி குளோரின் சூரியனுக்குப் போய்விடும். என் குளத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் ஏற்ற அந்தப் பொடி 650 கிராம் தேவை. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பொடி. ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். மூன்று மாலைகள் இப்படிப் போட்டதும் பச்சை வெளுத்துச் சாம்பல் நிறமானது. இறந்த பாசி மிகவும் நுண்ணியது, மணலில் சிக்காது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் இரண்டு கிலோவைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, இரவு பம்பை நிறுத்தினேன். காலையில் எல்லாம் தரையில் பஞ்சுபோல் படிந்திருந்தது. அதை ஃபில்டருக்குள் விடாமல், வால்வைக் கழிவு நிலையில் வைத்து உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

ஒழுகல் எங்கே

தண்ணீர் தெளிந்ததும் வாளிச் சோதனை. குளத்தின் படியில் ஒரு வாளியை வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும்படி நிரப்பி, இரண்டையும் குறித்து, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். வாளியில் குறைவது வெயில் குடித்தது. என் வாளியில் 6 மில்லிமீட்டர் குறைந்தது. குளத்தில் 19. வித்தியாசம் 13 மில்லிமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 400 லிட்டருக்கு மேல். பம்பை நிறுத்திவிட்டும் ஓட்டியும் இரண்டு முறை செய்தேன். இரண்டிலும் ஒரே அளவு. ஓடும்போது அதிகம் குறைந்திருந்தால் தண்ணீர் திரும்பிவரும் குழாயைச் சந்தேகித்திருப்பேன்.

அடுத்து, தண்ணீர் சேர்க்காமல் அப்படியே இறங்கவிட்டேன். பத்து நாளில் விளக்குப் பொருத்திய வட்டத்தின் நடுமட்டத்துக்கு வந்தது. அதற்குக் கீழே வாளி குறைந்த அளவுதான் குளமும் குறைந்தது. அப்படியானால் ஓட்டை அந்த மட்டத்தில்தான். மாமனாரின் மேஜையில் பாதி காய்ந்த நீல மைப் புட்டி ஒன்று இருந்தது. மறுபடியும் ஒரு சாண் தண்ணீர் ஏற்றி, பம்பை நிறுத்தி, நீர் அசையாமல் நின்ற பிறகு, ஊசியில்லாத சிரிஞ்சில் மையை எடுத்து விளக்கின் விளிம்புக்கு அருகே மெதுவாகப் பீய்ச்சினேன். முதலில் மை அப்படியே தொங்கியது. பிறகு ஊதுவத்திப் புகை ஜன்னல் பக்கம் திரும்புவது போல மெல்லத் திரும்பி, விளக்குக்குப் பின்னால் வயர் போகும் குழாய்க்குள் நூலாக நுழைந்தது. பதினோரு லட்ச ரூபாய்க்கு உடைத்தால்தான் தெரியும் என்றது அதைத்தான்.

தண்ணீருக்கடியில் பிசையும் எபாக்சி மாவால் அந்தக் குழாயை அடைத்தேன். அந்த விளக்கையே நீக்கிவிட்டேன். இரவில் நான் நீந்துவதில்லை; நீந்துகிறவர்களுக்குத் தோட்ட விளக்கு போதும். புது விளக்கு வேண்டும் என்பவர்கள் 12 வோல்ட்டில், டிரான்ஸ்ஃபார்மரைக் குளத்திலிருந்து தள்ளி வைத்துப் போடுங்கள். விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்பு அறைக்கு 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் ஒருவரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. மின்வேலைக்கு 21,000 ஆனது, அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கப் பார்க்கவில்லை.

மே மாதம்: தட்டிப் பார்த்தல்

மே இரண்டாம் வாரத்தில் இறைத்தோம். காலியான குளத்தின் டைல்ஸை அக்னி நட்சத்திர வெயிலில் விடக் கூடாது, பொரிந்து கிளம்பும். ஈரச் சாக்கு விரித்து வைத்தோம். கொத்தனார் உள்ளே இறங்கி ஒரு சுற்று வந்தார்.

"எல்லாவற்றையும் பெயர்த்துவிடலாம் அம்மா. ஒரே வேலையாகப் போய்விடும்."

"தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். பொள்ளல் கேட்கிற இடத்தில் மட்டும் சுண்ணக்கட்டியால் வட்டம் போடலாம்."

அவருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கரண்டியின் மரப்பிடியால் தட்டத் தொடங்கினார். நல்ல டைல்ஸ் 'டக்' என்று அடக்கமாகச் சொல்லும். விட்டுப்போனது காலிப் பானை மாதிரி ஒலிக்கும். மாலைக்குள் குளம் முழுக்க வட்டங்கள். நீர்மட்டக் கோட்டை ஒட்டிய இரண்டடிப் பட்டையும் விளக்கு இருந்த சுவரும்தான் பெருமளவு. மொத்தம் 680 சதுர அடியில் 230 மட்டுமே பெயர்க்க வேண்டியிருந்தது.

பழைய நீல நிறம் இப்போது கிடைக்காது. கிட்டத்தட்ட அதே நீலம் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்காதீர்கள், கிட்டத்தட்ட என்பதுதான் கண்ணை உறுத்தும். நான் வெள்ளை எடுத்தேன். மேலே சுற்றிலும் இரண்டடிக்கு வெள்ளை, விளக்குச் சுவர் முழுக்க வெள்ளை. ஒட்டுப் போட்டது ஒட்டாகத் தெரியாமல் புடவைக் கரையாகத் தெரிகிறது. நடுவில் தனித்தனியாகப் பெயர்ந்த ஓட்டைகளுக்கு, கரைப் பகுதியில் உடையாமல் வந்த பழைய நீலத் துண்டுகளையே சுத்தம் செய்து பதித்தோம்.

பெயர்த்த இடத்தில் உடனே டைல்ஸ் ஒட்டவிடாதீர்கள். செத்த பூச்சைக் கான்கிரீட் தெரியும்வரை கொத்தி, சிமெண்ட் மணலோடு பாலிமர் சேர்த்துப் பூசி, சுவரும் தரையும் சேரும் மூலைகளை வளைவாக உருட்ட வேண்டும். அதன்மேல் இரண்டு பாகம் கலக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கை, மூலைகளில் ஃபைபர் வலை வைத்து. காய்ந்த பிறகு தண்ணீர் நிரப்பி ஏழு நாள் பாருங்கள். கொத்தனார் இரண்டு நாள் போதும் என்றார். ஏழு நாள் வைத்தேன். வாளியும் குளமும் ஒரே அளவு இறங்கின. டைல்ஸ் ஒட்டுவதற்கு வெறும் சிமெண்ட் பால் கூடாது, பாலிமர் கலந்த பசை வேண்டும். இடுக்கு அடைக்க நீர்மட்டப் பட்டைக்கு மட்டும் எபாக்சி, மற்ற இடங்களுக்குச் சாதாரண பாலிமர் கலவை. எபாக்சி விலை கூடுதல். ஆனால் அழுக்கும் எண்ணெயும் வெயிலும் அந்தப் பட்டையில்தான் மோதுகின்றன.

பழைய டைல்ஸில் வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்புக் கறைக்கு நீர்த்த அமிலம். பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. அதிக நேரம் விட்டால் இடுக்குக் கலவையையே தின்றுவிடும். அமில கேனையும் குளோரினையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு. அதுபோலக் கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடியும் குளோரின் மாத்திரையும் ஒரே டப்பாவில் சேரவே கூடாது, வெடிக்கும். மாமனாரின் பம்பு அறையில் இவை எல்லாமே ஒரே அலமாரியில் இருந்தன. அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்ச் பெட்டியின் செம்புக் கம்பிகள் பச்சை பூத்து உதிர்ந்தன. இத்தனை ஆண்டுகள் வீடு நின்றது ஆச்சரியம்தான்.

உறிஞ்சும் குழாய் இரும்பாக இருந்தது, உள்ளே பாதி அடைத்திருந்தது. நடைபாதையை உடைக்காமல் வேலி ஓரமாகப் புது பிவிசி குழாய் கொண்டுபோனோம். இரு முனைகளையும் அடைத்து 2 பார் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் மண் மூட அனுமதித்தேன்.

அடிவடிகாலின் மூடியில் சிக்கனம் வேண்டாம். எங்களுடையது தட்டையான, ஒற்றைச் சல்லடை. தலைமுடியோ சிறு குழந்தையின் உடம்போ அதை மூடிக்கொண்டால் பம்பின் இழுவையிலிருந்து ஆளை விடுவிப்பது மிகக் கடினம். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002-இல் வெந்நீர்த் தொட்டி ஒன்றின் வடிகாலில் இப்படித்தான் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2007-இல் அங்கே சட்டம் வந்தது. குவிந்த மூடி போட்டேன். தனி வடிகால் மட்டும் உறிஞ்சாதபடி, சுவரில் நீர்மட்டத்தில் மேல்நீரை இழுக்கும் ஸ்கிம்மரோடு இணைத்து இரு வழியாக்கினேன். நான்கடி வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. இவை 26,000.

நிரப்பியதும்

ஆழ்துளைக் கிணற்று நீரை நேரே விட்டிருந்தால் ஐந்து மாத வேலையும் ஒரு இரவில் டீ நிறமாகியிருக்கும். எங்கள் பக்கத்து நீரில் இரும்பு உண்டு; குளோரின் பட்டதும் துருவாகப் பிரியும். கோடையில் உப்பும் சேரும். 12,000 லிட்டர் லாரி நான்கு வரவழைத்தேன், கடைசி லாரியில் பாதிக்கு மேல் வீட்டுத் தொட்டிக்குப் போனது. தண்ணீரும் மருந்தும் 18,000. கொத்தனார், சித்தாள், பூச்சுப் பொருள்கள் 95,000. டைல்ஸ், பசை, இடுக்குக் கலவை 72,000. குழாய் வேலை 24,000. முன்பே சொன்னவற்றோடு கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது சிமெண்ட் பூச்சு சில வாரங்களுக்கு, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவை ஏற்றிக்கொண்டே இருக்கும். முதல் மாதம் தினமும் பார்த்து 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் வைத்தேன். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். பி.எச். தாவாமல் பிடித்து வைக்கும் காரத்தன்மை, அதே அலகில், 80 முதல் 120. மாத்திரை போடுவது வசதிதான், ஆனால் அது தன்னோடு சயனூரிக் அமிலத்தையும் விட்டுச்செல்லும். 30, 40 வரை அது குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றும். நூறைத் தாண்டினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது, தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆகவே முதல் சில மாதங்கள் மாத்திரை, பிறகு திரவக் குளோரின். திரவத்தை மாதக் கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள், வெயிலில் வீரியம் போய்விடும்.

அக்டோபரில் மழை பிடித்ததும் வேலை குறையும் என்று நினைத்தேன். மழைநீர் காரத்தன்மையைக் கரைத்துவிடுகிறது. ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு சமையல் சோடா இரண்டு மூன்று கிலோ போட வேண்டியிருக்கிறது. நிரம்பி வழிந்தால் வழியட்டும், ஒரு சாணுக்கு மேல் இறைக்க மாட்டேன். முதல் ஆண்டு நவம்பரில் கிணற்றில் கயிற்றை விட்டபோது நாலடியில் கல் தண்ணீரைத் தொட்டது. பக்கத்து வீட்டார் தங்கள் குளத்தைச் சுத்தம் செய்ய மோட்டார் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். ஈரக் கயிற்றை அப்படியே கையில் சுருட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.